ஷிப்டுக்குப் போன பெயர்கள்

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது, தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் எங்கள் லைன் வீடுகளின் தண்ணீர்ச் சண்டையைத் தீர்க்கும் பெரும்பொறுப்பை மாமா என்னிடம் ஒப்படைத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெங்களூரில் வேலை தேடிக்கொண்டு ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தவர். படித்ததை யாருக்காவது சொல்லித்தராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அகப்பட்டவள் நான்.

டேங்கர் வந்தால் வீட்டுக்கு நான்கு குடம். பிடித்தவர்கள் வரிசையின் கடைசிக்குப் போய், டேங்கர் காலியாகும்வரை சுற்றிச் சுற்றி வரவேண்டும். சட்டம் என்னவோ இருந்தது. யார் முதல் என்பதில் ஒவ்வொரு தடவையும் குடம் உருண்டது. மாமா தன் லேப்டாப்பில் பன்னிரண்டு வீட்டுப் பெயர்களையும் சதுர அடைப்புக்குறிக்குள் கமா போட்டு அடுக்கினார். அதற்கு அரே என்று பெயராம். முதல் பெயரின் எண் ஒன்று இல்லை, சைபர் என்றார். எண்ணவே தெரியாத மெஷினை நம்பி வேலைக்குப் போகப்போகிறாரே என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

"மொதல் பேர ஷிப்ட் போட்டு எடு, அப்புறம்…" என்னும்போது அவருக்குப் போன் வந்தது. மீதியைக் கேட்க நான் காத்திருக்கவில்லை. ஷிப்ட் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அப்பாவே ஷிப்டுக்குப் போய் வருகிறவர்தான். போகிறவர்கள் முடிந்ததும் வந்துவிடுவார்கள். அந்த ஒரு வரியோடு வேலையை முடித்து, ஆயிற்று என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு மதியம் டேங்கர் வந்தது. வாசலில் லேப்டாப்போடு உட்கார்ந்து பெயர் கூப்பிட்டேன். பட்டனை அழுத்த அழுத்த அடுத்த பெயர் மேலே ஏறி வந்தது. முதல் சுற்று வரை நான்தான் ராணி. பன்னிரண்டாவது வீடு பிடித்து முடித்ததும் திரை வெறுமையாகிவிட்டது. டேங்கரில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

"இன்னா பாப்பா, ரெண்டாவது ரவுண்டுக்கு எங்க பேரக் காணோம்?" என்று எதிர்வீட்டு அத்தை கத்தினாள். அதற்குள் எல்லோரும் டேங்கரை மொய்த்துவிட்டார்கள். எல்லாம் என்னால்தான் என்று எனக்கு அழுகை முட்டியது.

மாமா ஓடிவந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஷிப்ட் போட்டா பேரு வெளிய போயிடும்மா. தானா வராது. நாமதான் புஷ் போட்டுக் கடைசியில சேக்கணும்."

"இன்னா மாமா இது? ஷிப்டுக்குப் போனா வரமாட்டாங்களா?"

அவர் ஒரு வரியைச் சேர்த்து, பக்கத்தை மறுபடி திறந்தார். பன்னிரண்டு பெயரும் இருந்தன. பட்டனை அழுத்தினேன். மேலே இருந்த பெயர் மறைந்து, கடைசியில் வந்து நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஷிப்டுக்குப் போனவங்கல்லாம் வந்துட்டாங்க!" என்று கூவினேன்.

லைனே சிரித்தது. அம்மா மட்டும் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்து, அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர்களுடைய அப்பா, என் தாத்தா, சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் ஷிப்டுக்குப் போய்த் திரும்பாதவர் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. தண்ணீர் கிடைக்காமல் போய்விடுமோ என்றுதான் அம்மா அழுகிறாள் என நினைத்தேன். அவள் காதருகே போய், "நம்ம வீட்டுப் பேர முன்னாடி போட்டுறட்டுமா?" என்று ரகசியமாகக் கேட்டேன்.