திருச்சுழி பெஞ்சில் பதினொரு வெடிப்பு

காலை 6.20க்கு மதுரையில் பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டைக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்; கட்டணம் ஒன்றே முக்கால் ரூபாய்; வழியில் பதினான்கு நிறுத்தம். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் பயனில்லை. கரிசலும் கருவேலமும் மாறி மாறி வந்தன, புழுதி மட்டும் மாறாமல் வந்தது.

போகிற காரியம் சிறியது. என் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து தேறியபின், மாலையில் தோட்டத்தில் உட்காருவதுதான் ஆறுதலாக இருந்தது. மதுரையில் வாங்கிப் போட்ட பெஞ்சு மூன்றாம் மாதமே கால் கழன்று அவளைக் கீழே தள்ளியது. அதன்பின் அவள் தோட்டத்துப் பக்கம் வரவில்லை. அதனால் திருச்சுழி ஆசாரி ஒருவருக்குக் கடிதம் எழுதி, வேம்பில் வேறொன்று செய்யச் சொல்லியிருந்தேன்.

அருப்புக்கோட்டையில் நாற்பது நிமிடம் காத்திருந்து அடுத்த பஸ். 9.45க்குத் திருச்சுழி. அதற்குள்ளாகவே வெயில் ஆளைச் சாய்த்தது.

பட்டறையில் இரண்டு பெஞ்சுகள். ஒன்று வழவழவென்று இருந்தது. என்னுடையதில் பதினொரு வெடிப்பு, நான்கு கணு. எண்ணிச் சொன்னேன்.

“பன்னெண்டாவது அடியில இருக்கு, குனிஞ்சு பாருங்கய்யா,” என்றார் ஆசாரி.

“எனக்கு அந்த வழவழப்பானதைக் கொடும்.”

“அதத் தூக்கிப் பாருங்க.”

ஒரு முனையைக்கூட அசைக்க முடியவில்லை. என்னுடையதோ தூக்கியதும் எழுந்தது.

“அது போன மாசம் வெட்டுன மரம். டவுனுக்காரக அவசரம்னாக, சொல்லியும் கேக்கல. உள்ள பூரா தண்ணி. காயக் காயக் காலு சுருங்கித் தொளையில ஆடும். ஒங்க மரம் மழைக்காலம் பூரா கம்மாச் சேத்துல ஊறி, ஒரு வருசம் நெழல்ல காஞ்சது. வெடிக்க வேண்டியதெல்லாம் வெடிச்சிருச்சு. நார் போற போக்குல வெடிச்சா பயமில்ல. குறுக்க வெடிச்சாத்தான் ஒடியும்.”

நான் அங்கிருந்த மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். மதுரைக் கடையிலும் இரண்டு பெஞ்சுகள் இருந்தன. கடைக்காரர் வெடிப்புள்ளதைத்தான் காட்டினார். எண்ணிப் பார்த்து, வேண்டாமென்று, கனமானதை எடுத்தவன் நான். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸின் மேல் பெஞ்சை ஏற்ற ஒரு ரூபாய். உள்ளே இடமில்லை. “பெஞ்சு வச்சிருக்கவுகளுக்கு சீட்டு எதுக்கு? மேல போயி உக்காருங்க பெருசு,” என்றார் கண்டக்டர். காரியாபட்டி வரை நின்றே வந்தேன்.

வீடு சேர மாலை 5.30. தோட்டத்தில் பெஞ்சைப் போட்டதும், பின்வாசலில் நின்று பார்த்த மனைவி, “இதுலயும் வெடிப்புத் தெரியுதே,” என்றாள்.

ஆசாரி சொன்னதைச் சொன்னேன். முதல் பெஞ்சைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

“அப்ப அந்தக் கடைக்காரர இத்தன நாளா திட்டுனது?”

பெஞ்சின் மேல் படிந்திருந்த பஸ் புழுதியைத் துண்டால் துடைத்தேன்.

“மொதல்ல நீங்க உக்காருங்க.”

உட்கார்ந்தேன். ஆடவில்லை. அவள் கைத்தடியை எடுத்தாள். பின்வாசலில் மூன்று படிகள். ஒன்று இறங்கி நின்றாள்.