ஓமத் தண்ணீருக்கு அடங்காத நெஞ்சு

எனக்கு வந்தது வாயு கிடையாது. இதை எங்கள் வீட்டில் நம்பவைக்க இரண்டு வருடம் பிடித்தது.

நெஞ்சு திடீரென்று தாறுமாறாக அடிக்கும். வெறும் வேகமாக அடித்தால்கூடப் பரவாயில்லை, ஒரு ஒழுங்கே இருக்காது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவேன். வீட்டுக்காரர் ஓமத் தண்ணீரை நீட்டுவார். அதற்கும் அசையாவிட்டால் சோடா. ஒருவழியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது எல்லாம் நின்றிருக்கும், ஈசிஜி நல்லபடியாக வரும். "பாத்தியா, நாஞ் சொன்னேம்லா" என்பார், ஜெயித்துவிட்ட முகத்தோடு. டாக்டர் மட்டும் என்னிடம், "அடிக்கும்போதே வந்துருங்கம்மா. இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ங்கிற இதயத்துடிப்புக் கோளாறா இருந்தா ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போயிரும், பக்கவாதம் வரும். ஈசிஜில பிடிச்சாத்தான் மருந்து தர முடியும்" என்றார்.

தென்காசியில் வீடு இருப்பவர்களுக்கு ஆனியும் ஆடியும் எப்படிக் கழியும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சாரல் விழுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதும் உறவு மொத்தமும் துண்டும் எண்ணெயுமாக வந்து இறங்கிவிடும். அவர்களுக்குக் குற்றாலம், எனக்கு அடுப்படி. அருவியில் நின்றுவிட்டு வருகிறவர்களின் பசியைச் சொல்லவே வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது ஈடு இட்லியை இறக்கும்போது ஆரம்பித்தது. கண் இருட்டியது. "ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றேன். வீட்டுக்காரர் தலையில் எண்ணெய் வழிய நின்றார். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, எங்ககூட வாங்க. அருவில தலையக் குடுத்து நில்லுங்க. மூலிகைத் தண்ணில்லா, படபடப்பெல்லாம் ஓடிப்போவும்."

"ஆமா, அவளயும் கார்ல ஏத்து" என்றார் இவர்.

சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியாதவளை அருவிக்கடியில் நிறுத்தப் பார்த்தார்கள்! அதையும் அன்பாகத்தான் சொன்னார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கையை உதறிவிட்டு அடுப்பை அணைத்தேன். சுவர் சுவராகப் பிடித்தபடியே தெருமுனைக்குப் போய் ஆட்டோ பிடித்தேன். குற்றாலம் போகிற கார்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொன்றையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நின்றுவிடாதே என்று என் நெஞ்சிடமே கெஞ்சினேன். நோய் போகக்கூடாது என்று சாமி கும்பிட வைத்துவிட்டார்களே என்று அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

நல்லவேளை, நிற்கவில்லை. ஈசிஜி எடுத்த நர்ஸ் தாளைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள்.

வீட்டுக்காரர் மத்தியானம் வந்தார். தலை ஈரமாக இருந்தது. மனுஷன் குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ரத்தம் உறையாமலிருக்க இனி மாத்திரை உண்டு, ஒரு வேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் அவருக்கு விளக்கினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுவிட்டு இவர், "சரி டாக்டர், ராத்திரிக்குள்ள அனுப்பிருவீங்கள்லா? வீட்ல ஆளுக நெறைய இருக்கு" என்றார்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "சீசன் முடியுத வரைக்கும் நான் இங்கனயே இருக்கேன் டாக்டர்."