உசிலம்பட்டியில் ஒரு கத்தரிக்காய்ப் போட்டி

விவசாயக் கல்லூரியிலிருந்து, எந்தக் கத்தரி ரகம் நன்றாக வளர்ந்து, காய்த்து, ருசிக்கிறது என்று பார்க்க உசிலம்பட்டிக்கு வந்திருக்கிறேன். ஒரு பாத்தியில் இந்த நிலத்துக்காரர் மாயாண்டி அண்ணனின் சொந்த விதை. அடுத்ததில் அவர் மனைவி பேச்சியம்மாள் பிறந்த ஊரான சோழவந்தானிலிருந்து கொண்டுவந்த விதை. இரண்டிலும் காய்கள் முற்றி மஞ்சளாய்த் தொங்குகின்றன.

“ஏண்ணே பறிக்கல?”

“பறிச்சா காய் கொறஞ்சிருமே தம்பி. இவ அப்பன் வீட்டு வெத ஜெயிச்சா நான் ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமா?”

“எங்கப்பா வெத தோத்தா நான் மட்டும் ஊருக்குப் போக முடியுமா?” என்கிறார் பேச்சியம்மாள், வரப்பில் உட்காரவைத்து எனக்குச் சோறு போட்டபடி.

குழம்பில் கத்தரிக்காய் வெண்ணெயாய்க் கரைகிறது. ஆவலோடு அவரிடம் கேட்கிறேன்: “இது எந்தப் பாத்திக் காய்?”

“சந்தையில வாங்குனது தம்பி. போட்டி முடியுமுன்ன நம்ம காயில கை வைப்பாகளா?”