டம்ளரை முகரும் அர்த்தனாரி

பிள்ளைகள் குடித்து வைத்த டம்ளரை முகர்ந்து பார்க்காமல் அர்த்தனாரி என் பக்கம் தள்ளமாட்டான். ஒவ்வொன்றாக எடுப்பான், உள்ளே மூக்கை விடுவான், ஒரு இழுப்பு. சுத்தமென்றால் தொட்டியில் விழும், நான் கழுவுவேன். காப்பி வாசம் அடித்தால் அதைத் தனியாக வைத்துவிட்டு, "இது ஆரோட டம்ளரு?" என்று கேண்டீனே அதிரும்படி ஒரு சத்தம்.

கொல்லிமலையில் ஒரு மடம் நடத்துகிற பல்கலைக்கழகம் இது. காப்பியும் டீயும் மனத்தைக் கலைக்கும் என்று மடத்துத் தலைவரான பெரிய சாமி இரண்டுக்கும் தடை போட்டிருக்கிறார். விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. பால், மோர், சுக்குமல்லி, அவ்வளவுதான். பிள்ளைகள் காப்பித்தூள் பாக்கெட்டை ஒளித்துக் கொண்டுவந்து சுடுபாலில் கலந்துவிடுவதால், கேண்டீன் நடத்தும் அர்த்தனாரிக்குக் காவல் வேலையும் சேர்ந்துவிட்டது. அதில் அவனுக்குத் தாங்கமுடியாத பெருமை. "நாய்க்குக்கூட இப்பிடியொரு மூக்கு கெடையாதுங்க" என்பான். நாய் இப்படிப் பீற்றிக்கொள்ளாது.

இதே மலையில் பெரக்கரை நாட்டுப் பக்கம் இருக்கும் அவன் வீட்டைப் பார்க்கவேண்டும். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கடியில் எல்லாம் காப்பிச்செடி. வாசலில் காய்வது காப்பிப்பழம், அடுப்பில் வறுபடுவது காப்பிக்கொட்டை. காலையில் பொண்டாட்டி விஜயா கையால் இரண்டு லோட்டா வெல்லக் காப்பி குடித்துவிட்டுத்தான் கிளம்புவான். பல்கலைக்கழகக் கேட்டுக்கு வெளியே நின்று, வாய் வாசம் போகக் கொய்யா இலையை மென்று துப்புவான். அதற்குமேல் அவன் காப்பியைக் கண்ணால் பார்த்திராத மனுசன்.

போன மாதம் பூங்குழலி மாட்டினாள். புளியஞ்சோலைப் பெண், அப்பாவுக்குக் கட்டட வேலை. பரீட்சைக்குக் கண்விழித்துப் படிக்கிறவள். டம்ளரும் கையுமாக அவளைப் பெரிய சாமி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாள் என்றுதான் நினைத்தோம். "என்ன தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க சாமி" என்று அவள் கூட்டம் போட வைத்துவிட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். தடையை எடுத்தால் டவுன் கம்பெனிக்காரன் காப்பி மெஷினோடு வந்து கேண்டீனையே எடுத்துக்கொள்வான் என்று எல்லோருக்கும் தெரியும். அர்த்தனாரி முன்வரிசையில் கைகட்டி நின்றான்.

"மடத்துத் தோட்டத்துலயே காப்பி காய்க்குதுங்க சாமி. பறிச்சு விக்கலாம், நாங்க குடிச்சா மட்டும் மனசு கலஞ்சுருமா?" என்றாள் பூங்குழலி.

கூடம் சிரித்தது. பெரிய சாமி கோபப்படவில்லை. கையிலிருந்த டம்ளரைத் தூக்கிக் காட்டினார். "ஆறு வருசமா இந்தச் சுக்குமல்லியத்தான் குடிக்கறேன் கண்ணு. சொட்டுத் தூக்கம் வர்றதில்ல. இது இருக்கயில காப்பி எதுக்கு?"

பூங்குழலி தனக்குக் கொடுத்திருந்த சுக்குமல்லி டம்ளரை முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். "சாமி, இதுலயே காப்பி இருக்குதுங்க."

"ஏ புள்ள, வாயக் கழுவு! என் மூக்குக்குத் தெரியாத காப்பியா?" அர்த்தனாரி என் பக்கம் திரும்பினான். "இருசாயக்கா, நீ சொல்லு."

கேட்டான், சொன்னேன். "இருக்குது. உன்ற ஊட்டு வடைச்சட்டியில வறுத்த காப்பிக்கொட்டை பாதி அடியில கெடக்க, அது மேலயே மல்லியக் கொட்டி வறுக்கற. பாக்கெட்டுத் தூள் வாசம் தெரியும், பொறந்ததுலேருந்து அந்தப் பொகையில கெடக்கறவனுக்குச் சொந்த ஊட்டு வாசம் எங்க தெரியும்?"

"இத்தன வருசமா ஏங்க்கா சொல்லல?"

"நீ கேக்கல."

பெரிய சாமி பாதி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். ஆறு வருசத்தையும் எண்ணிப் பார்த்திருப்பார் போல. "புதுச் சட்டி வாங்கு. புதுசாப் பொடி பண்ணு. அதுலயும் காப்பி இருந்தா அப்பறம் இந்தத் தடைக்கு அர்த்தமில்ல, மெஷினே வரட்டும். மோந்து சொல்றது இந்தப் புள்ளதான்."

திங்கட்கிழமை அர்த்தனாரி பொடி டப்பாவோடு பூங்குழலி உட்கார்ந்திருந்த மேசைக்குப் போனான். மூடியைத் திறந்து அவள் முன்னால் வைத்தான். அவள் ஒரு பொய் சொன்னால் போதும். அவளுக்குக் காப்பி வந்துவிடும், இவன் அடிவாரத்தில் கூலிக்கு அலைவான். அவள் அவசரப்படவே இல்லை. டப்பாவைக் கிட்ட இழுத்துக்கொண்டு முகர்ந்தாள்.

"இருக்குதா கண்ணு?"

"இல்லீங்கண்ணா, சுத்தம்." ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தாள். "ருசியுந்தான் இல்ல."

ஒரு பால் வாங்கி, மூலைக்குப் போய்க் குடித்துவிட்டு, டம்ளரை மேடையில் வைத்துப் போனாள். மூன்றடி தள்ளி நின்ற எனக்கே காப்பி வாசம் அடித்தது. அர்த்தனாரி அந்த டம்ளரை மூக்கு வரைக்கும் தூக்கினான். அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்தினான். பிறகு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டே, அதைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கினான்.