மாமன் சீருக்கு மூன்று நாள் விடுப்பு

அடுத்தவர் குடும்பத்தை விசாரித்துப் படிவம் நிரப்புவது என் தொழில். படிவங்களோடு மல்லுக்கட்டிய யாருக்கும் என் பாடு புரியும். இருபது வருடம் வெளிநாட்டில் மனநல ஆலோசகராக இருந்துவிட்டுக் கோவைக்குத் திரும்பியவன் நான். பாலியல் குற்றத்துக்காகச் சிறையில் இருப்பவர்கள் விடுப்பு கேட்டால், அவர்களுடைய வளர்ப்பு, மனப்போக்கு பற்றி அறிக்கை தருகிறேன். இது ஒரே ஒரு மனுவின் கதை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு மாற்றுப் பெயர்கூட வைக்கவில்லை.

குறையில்லாத வளர்ப்பு

முருகேசன், காங்கேயம் பக்கம் எண்ணெய் மில் மேற்பார்வையாளர். அக்கா மகள் சிறுமியாக இருந்தபோது அவளிடம் வருடக்கணக்கில் தவறாக நடந்தவர். இப்போது அவளுடைய அண்ணனுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் செய்ய மூன்று நாள் விடுப்பு கேட்டிருந்தார்.

இப்படிப்பட்டவர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று நான் ஆங்கிலத்தில் படித்த பட்டியல் ஒன்று உண்டு: குடிகார அப்பா, அடி உதை, சிதறிய வீடு. அதில் அடங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இவரிடம் ஒன்றும் தேறவில்லை. அப்பா குரலை உயர்த்தியதே இல்லையாம். பள்ளியில் நல்லொழுக்கப் பரிசு வேறு. “பின்னே ஏன்?” என்றேன். என் பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உங்களுக்கு எது தோதோ அதைச் சொல்லுங்க சார், ஒத்துக்கறனுங்க.”

யார் யாரை விசாரித்தது

அடுத்த முறை சிறைக்குப் போய் நான் உட்காருவதற்குள், “ஏனுங்க சார், முழங்கால் வலிங்களா?” என்றார். அவ்வளவு கனிவு. அரைமணி கழித்துக் குறிப்பேட்டைப் பார்த்தால் அவரைப் பற்றி ஒரே வரி. என் முழங்கால், என் தனிமை, திரும்பி வந்ததில் எனக்கிருந்த சந்தேகம் எல்லாம் அவரிடம் போயிருந்தது. அக்கா வீடும் இவருக்கு இப்படித்தான் திறந்திருக்கும் என்று நினைத்துக் குறிப்பேட்டை மூடினேன். சிறைக் காவலர் செல்வராஜிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. “என் பொண்ணு எந்த ஸ்கூலுன்னு அவனுக்குத் தெரியும் சார். நான் எப்பச் சொன்னேன்னு எனக்கே தெரியல.”

துடைத்து வைத்த படம்

காங்கேயத்தில் அக்கா சுமதியின் வீடு. பெண்ணின் பெரியப்பா முந்திக்கொண்டார்: “மாமன் இல்லாம சீராங்க? ஊரு என்ன பேசும்?” சுமதி சுவரிலிருந்த குடும்பப் படத்தைக் கழற்றி என் மடியில் வைத்தார். தம்பி சிரிக்கிறார். அவர் கை சிறுமியின் தலைமேல். அவள் கண் மட்டும் படத்துக்கு வெளியே எங்கேயோ. “வெள்ளிக்கெழமை தவறாம இதைத் தொடச்சு வெச்சவ நானுங்க. ஒருநாளும் அவ கண்ணப் பாக்கல.”

இணைச்சீர்

எங்கள் கொங்குப் பகுதியில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பட்டுடுத்தி அவன் பக்கத்தில் நின்றால்தான் இணைச்சீர் நடக்கும். அது இல்லாமல் தாலி இல்லை. அந்த இடம் இந்தப் பெண்ணுடையது. இதைப் பெரியப்பா மறந்துவிட்டார். சொல்ல வெட்கம், நானும்தான். என் படிவத்தில் அவளுக்கு வரியே கிடையாது.

உள்ளேயிருந்து அவளே வந்தாள். பத்தொன்பது வயது. எனக்குத் தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டுப் பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள். “அவரு வரட்டுங்க பெரியப்பா. இணைச்சீருக்கு வேற பொண்ணப் பாத்துக்குங்க.”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மாப்பிள்ளையான அண்ணன் தங்கையின் பக்கத்தில் வந்து நின்றான். நான் அவள் சொன்னதை அப்படியே அறிக்கையில் எழுதி அனுப்பினேன், மனு தள்ளுபடியானது. மாமன் தூக்க வேண்டிய சீர்த்தட்டைச் சுமதியே தூக்கினார் என்று கேள்வி.

ஒரு மனிதனின் மனதை அளக்க இரண்டு மொழியில் படித்துவிட்டு வந்த நான், கடைசியில் செய்த உருப்படியான வேலை, ஒரு பெண் சொன்னதைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டதுதான்.