பிள்ளை தின்னும் வீடு

பூசணிக்காயின் மூடி மெழுகுதிரியில் கருகும்போது ஒரு மணம் வரும். கறி அடிப்பிடித்த மணம்போல, ஆனால் கொஞ்சம் இனிப்பும் ஈரமும் கலந்தது. இன்று பின்னேரம் வேலையால் வந்து காரை நிறுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் வாசலில் பல்லிளித்துக்கொண்டிருந்த பூசணிக்குள் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு உள்ளே போயிருந்தார். அந்த மணம் என்னை இப்போது நான் குடியிருக்கும் ரொக்ஸ்பரோவில் இருக்க விடவில்லை. சப்பாத்தைக் கழற்றுவதற்குள் முப்பது வருடம் பின்னால் போய், மொன்றியலின் வில்லரேயில் அக்கா வீட்டு இரும்புப் படியில் நின்றேன். கையிலிருந்த சொக்கலேட் பெட்டி மட்டும்தான் இந்தக் காலத்தது.

படியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் பாதி அந்தப் படிதான். மொன்றியலின் பழைய தெருக்களில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே கட்டி வைத்திருப்பார்கள். ஆறு மாதம் பனி கொட்டுகிற ஊரில் படியை ஏன் வெளியே வைத்தார்கள் என்று நான் பலரைக் கேட்டிருக்கிறேன்; ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அக்கா வீட்டுப் படி வளைந்து வளைந்து மேலே போகும், பத்தொன்பது தட்டு. அதில் யார் ஏறினாலும் வீடு முழுக்க டங் டங் என்று கேட்கும். இப்போது நான் இருக்கும் வீடு நிலத்தோடு நிலமாக இருக்கிறது. வாசலில் ஒரு படிகூட இல்லை. முழங்கால் வலிக்காரன் பார்த்து வாங்கிய வீடு.

அப்போது நான் கனடாவுக்கு வந்து ஒன்பது மாதம். அக்காவும் அத்தானும் எனக்கு முன்னரே வந்து, வில்லரேயில் இரண்டாம் மாடியில் குடியிருந்தார்கள். அத்தானுக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. எனக்கு உணவகமொன்றில் கோப்பை கழுவும் வேலையும், பின்னேரங்களில் பிரெஞ்சு வகுப்பும். வீட்டில் பிரெஞ்சுக்குப் பொறுப்பு நான்தான். தபால்காரர் வந்தாலும் வீட்டுக்காரர் வந்தாலும் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். நானும் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு போவேன். அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது என்று இனிப் பாருங்கள்.

அக்காவுக்கு ஒரேயொரு குறை. வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை. வந்த புதிதில் விருந்தாளிகளுக்கென்று ஆறு தேநீர்க் கோப்பைகள் வாங்கினார், நீலப்பூப் போட்டவை. அவை தட்டில் கவிழ்த்தபடியே இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை எடுத்துத் தூசு தட்டித் திரும்பவும் கவிழ்த்து வைப்பார். படியில் டங் என்று சத்தம் கேட்டால் எழுந்து தலையைக் கோதிக்கொள்வார். பெரும்பாலும் அது அத்தானாக இருக்கும், இல்லாவிட்டால் நான். "சனம் வராத வீடும் ஒரு வீடே?" என்பார் அக்கா. நாங்கள் இரண்டு பேரும் சனத்தில் சேர்த்தியில்லை.

ஒக்டோபர் கடைசியில் ஒருநாள் அத்தான் தொழிற்சாலையில் ஒரு செய்தி கேட்டுக்கொண்டு வந்தார்.

"நாளைக்குப் பின்னேரம் தெருவில இருக்கிற பிள்ளையளெல்லாம் வீடு வீடா வருவினமாம். இனிப்புக் குடுக்க வேணுமாம்."

"எங்கட வீட்டுக்குமோ?"

"எல்லா வீட்டுக்கும்தான்."

அத்தான் எதையும் பாதிதான் கேட்பார். பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு வருவார்கள் என்பதும், கடையில் வாங்கிய, தாள் சுற்றிய இனிப்புத்தான் கொடுக்கவேண்டும் என்பதும் அவர் கேட்காத பாதியில் போய்விட்டன. தெருவில் வீட்டுக்கு வீடு கண்ணும் பல்லும் வெட்டிய பூசணிக்காய்கள் வந்திருந்தன. அக்கா அவற்றை ஏற்கெனவே கவனித்து, "இஞ்சையும் கண்ணூறு பாக்கிறவை போல" என்று திருப்திப்பட்டிருந்தார். புது வீட்டு வாசலில் பூதமுகம் போட்ட பூசணியைத் தொங்கவிடுகிற நமக்கு அது நியாயமாகத்தானே படும்? நம்மைப் போன்ற சனங்கள்தான், இவ்வளவு நாளும் வராமல் இருந்ததற்கு ஏதோ காரணம் இருக்கிறது என்று அக்கா முடிவு கட்டினார்.

அன்றிரவே பயறு வறுத்தார். பயற்றம் பணியாரம் ஒரு பெரிய சருவச்சட்டி நிறைய வந்தது. ஆறு கோப்பைகளும் கழுவித் துடைத்து மேசைக்கு வந்தன. பிள்ளைகளுக்குச் சூடாகப் பால் கொடுப்பதாகத் திட்டம். இருக்கைகள் போதாது என்று என் படுக்கையைச் சுருட்டி மூலையில் வைத்து அதன்மேல் ஒரு விரிப்பும் போட்டார்.

அந்த வருடம் கந்தசஷ்டி விரதமும் அதே கிழமையில் வந்திருந்தது. அக்கா பின்னேரம் தலை முழுகி, ஈரத் தலைமயிரை இடுப்புவரை விரித்துவிட்டு, நெற்றி முட்டத் திருநீறும் நடுவில் பெரிய குங்குமப் பொட்டுமாக, சிவப்புச் சேலையில் நின்றார். நாலு நாள் விரதத்தில் கண்கள் வேறு உள்ளே போயிருந்தன. எனக்கு அது அக்கா, அவ்வளவுதான். படியேறி வருகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை.

ஆறு மணியளவில் படி டங் டங் என்றது. ஒன்றல்ல, பல கால்கள். அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கதவைத் திறந்தார். வெளியே ஒரு எலும்புக்கூடு, ஒரு தேனீ, தலையில் கூம்புத் தொப்பி வைத்த ஒரு குட்டிச் சூனியக்காரி, பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"பொன்பொன், சில் வூ ப்ளே!" என்று கத்தினார்கள். இனிப்புத் தாருங்கள் என்பதுதான். கத்தியதும் அக்காவைப் பார்த்தார்கள். சத்தம் அப்படியே நின்றது.

அக்கா எலும்புக்கூட்டைத்தான் பார்த்தார். "ஐயோ, இந்தப் பிள்ளையைப் பாரன், எலும்பு எண்ணலாம் போல கிடக்கு. உள்ளுக்கு வரச் சொல்லு."

"ஆந்த்ரே, ஆந்த்ரே" என்றேன் நான். வாருங்கள், வாருங்கள். ஒருவரும் அசையவில்லை.

சூனியக்காரி மட்டும் தலையை ஆட்டினாள். அந்நியர் வீட்டுக்குள் போகக்கூடாது என்று அம்மா சொன்னாள் என்றாள். நான் அக்காவுக்குச் சொன்னேன்.

"நிலைக்கு அங்காலயும் இங்காலயும் நிண்டு ஒண்டும் குடுக்கக்கூடாது எண்டு என்ர அம்மாவும்தானே சொன்னவ" என்றார் அக்கா.

உள்ளே ஒரு அம்மா பேச்சு, வெளியே ஒரு அம்மா பேச்சு. நடுவில் ஒரு நிலைப்படி. அக்கா சருவச்சட்டியோடு இந்தப் பக்கம், ஐந்து பைகள் விரித்தபடி அந்தப் பக்கம். ஈரத்தலையோடு அந்தக் குளிரில் அக்கா வெளியே போகவும் முடியாது. இனி எல்லாம் என் பிரெஞ்சில்தான் இருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. "நாங்கள் உங்களுக்குச் சாப்பாடு தரப்போகிறோம்" என்று சொல்ல வேண்டும். வாயை நன்றாகத் திறந்து பேசுங்கள் என்று ஆசிரியை சொல்லித் தந்திருந்தார். வாயை நன்றாகத் திறந்தேன்.

"ஓன் வா வூ மான்ஜே!"

தேனீதான் முதலில் அலறியது. பிறகு எல்லோரும். பத்தொன்பது தட்டையும் அவர்கள் எத்தனை எட்டில் இறங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. படி அடங்கவே ஒரு நிமிடம் பிடித்தது.

"ஏன்ரா ஓடுதுகள்? நீ என்ன சொன்னனி?"

"வாங்கோ, சாப்பிடலாம் எண்டுதான் சொன்னன்."

"பேந்தேன் ஓடுதுகள்?"

"பிரெஞ்சுப் பிள்ளையள் கொஞ்சம் கூச்சமக்கா."

அதற்குப் பிறகு ஒருவரும் ஏறி வரவில்லை. கீழே கால்கள் வந்து நிற்பதும், கிசுகிசுப்பதும், விலகிப் போவதும் கேட்டன. எட்டு மணிவரை அக்கா கதவடியில் நின்றார். பிறகு கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் கவிழ்த்தார். "எங்கட முகம் அதுகளுக்குப் பிடிக்கேல்லைப் போல" என்றார்.  ஒரு கிழமை நாங்கள் மூன்று நேரமும் பயற்றம் பணியாரம் சாப்பிட்டோம்.

அடுத்த வகுப்பில் ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். என்ன சொன்னாய், திருப்பிச் சொல் என்றார். சொன்னேன். அவர் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சொன்னதில் நாங்களும் இருந்தோம், அவர்களும் இருந்தார்கள், சாப்பிடுவதும் இருந்தது. கொடுப்பது என்ற ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். "நாங்கள் உங்களைச் சாப்பிடப் போகிறோம்" என்று, தலைவிரி கோலமாக நின்ற அக்காவின் தோளுக்கு மேலால், வாயை நன்றாகத் திறந்து சொல்லியிருக்கிறேன்.

இதை அன்றே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டின் பிரெஞ்சு வித்துவான் எந்த முகத்தோடு சொல்வான்? அந்த வருடம் முழுக்கத் தெருப் பிள்ளைகள் எங்கள் வீட்டடியில் நடக்கமாட்டார்கள், ஓடுவார்கள். துணிந்தவன் ஒருவன் மூன்று தட்டு ஏறித் தொட்டுவிட்டு இறங்கி ஓடுவான். அக்கா யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பார், தன்னைத்தான் நக்கலடிக்கிறார்கள் என்று. நான் பார்க்காததுபோல் பிரெஞ்சுப் புத்தகத்தைப் புரட்டுவேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருடம் அந்த நாள் வந்தபோது, "இந்த முறை லைற்றை நூத்துப்போட்டு இருப்பம்" என்றார் அத்தான்.  மூன்று பேரும் இருட்டில் இருந்தோம். ஆறு மணியிருக்கும், படி டங் என்றது. பிறகு இன்னொரு டங். பிறகு ஓயவேயில்லை. அக்கா எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

கீழே தெரு வரைக்கும் வரிசை. பத்தொன்பது தட்டிலும் பேய்கள், பூனைகள், கடற்கொள்ளைக்காரர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் போன வருடத்துச் சூனியக்காரி, இம்முறை பூனையாகி, ஒரு சாண் வளர்ந்து நின்றாள்.

"தித் லெ, மடாம்! தித் லெ!" என்றாள். பின்னால் நின்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

"என்னவாமடா?"

"சொல்லட்டாம்."

"எதை?"

வேறு வழியில்லை. அந்த வாசலில், அவ்வளவு பேய்களுக்கும் முன்னால், ஒரு வருடத்துப் பொய்யை அவிழ்த்தேன். தெருவிலேயே பயங்கரமான வீடு எங்களுடையதாம், அதுதான் எல்லோரும் வந்திருக்கிறார்களாம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார். ஓர் அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தொப்பென்று நிலைப்படியிலேயே இருந்துவிட்டார். நிலைப்படியில் குந்தினால் வீட்டுக்கு ஆகாது என்று என்னை ஆயிரம் தரம் எழுப்பிய அக்கா, அதில் குந்தியிருந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அப்ப என்ர முகத்துக்காக இல்லையேடா?"

"முகத்துக்காகவும்தான் அக்கா" என்றேன்.

அக்கா எழும்பினார். கொண்டையை அவிழ்த்து உதறினார். அத்தானின் குளிர்ச்சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு நிலையைத் தாண்டி வெளியே போனார். இரண்டு கைகளையும் விரித்து, "ஓன் வா வூ மான்ஜே!" என்றார். அதுதான் அவர் பேசிய முதல் முழுப் பிரெஞ்சு வசனம். வரிசை முழுவதும் கீச்சிட்டுக்கொண்டு படியால் உருண்டு புரண்டு ஓடியது; ஓடிய வேகத்தில் திரும்பவும் வரிசையின் கடைசியில் வந்து நின்றது. வீட்டில் ஒரு இனிப்பும் இல்லை. அத்தான் பின்படியால் இறங்கித் தெருமுனை தெப்பனேருக்கு ஓடினார். அந்த மூலைக்கடையில் இருந்த மிட்டாய் முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்தார் என்று பிறகு கேள்வி.

அக்கா வெளியே நின்று கொடுத்ததால் நிலைப்படிச் சிக்கலும் தீர்ந்தது. பிள்ளைகளின் அம்மா பேச்சையும் மீறவில்லை, எங்கள் அம்மா பேச்சையும் மீறவில்லை. ஆனால் பெற்றோரை ஒருவரும் மறித்ததில்லையே. கீழே குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றவர்களை அக்கா கைகாட்டிக் கூப்பிட்டார். முதலில் வந்தது அந்தப் பூனையின் தாய். என் படுக்கைச் சுருட்டின்மேல் உட்கார்ந்து, இஞ்சித் தேநீர் குடித்து, இருமி, இன்னொன்று கேட்டார். ஆறு கோப்பையும் போதவில்லை. அத்தான் தேநீரைத் தண்ணீர்க் கிளாசில் குடித்தார்; நான் சருவச்சட்டி மூடியில் குடித்தேன்.

இருபத்துநாலு வருடம் அப்படி நடந்தது. அக்காவின் மகள் பிறந்தாள், தானும் ஒரு குட்டிப் பிசாசாக அதே படியில் ஓடினாள், வளர்ந்தாள், படித்து வேலைக்கென்று ரொறொன்ரோ போனாள். பின்னாலேயே அக்காவும் அத்தானும் போனார்கள். இப்போது பதினாலாவது மாடி, லிஃப்ற், கீழே காவலாளி. அங்கே பிள்ளைகள் கதவு தட்டுவதில்லை. போன மாதம் வில்லரே பக்கம் போனபோது அந்த வீட்டைப் பார்த்தேன். படியை எடுத்துவிட்டார்கள். கதவு இப்போது கீழே இருக்கிறது. திறப்புப் போட்டுத் திறப்பதில்லை, இலக்கம் அழுத்தவேண்டும். அக்காவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. ஒவ்வொரு வருடமும் இந்த நேரத்துக்கு அடிக்கும்.

"எத்தினை பேர் வந்தவை?"

"இப்பதான் தொடங்குது அக்கா. இந்தா, ஆரோ வருகினம். பொறுங்கோ."

கதவைத் திறந்தேன். ஒரு விண்வெளி வீரனும், காற்றடித்த ஒரு டைனோசரும். சத்தத்தைக் கூட்டித் தொலைபேசியை அவர்கள் முன் நீட்டினேன். எழுபதைத் தொடும் என் அக்கா, பதினாலாவது மாடியிலிருந்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னார்: "ஓன் வா வூ மான்ஜே!"

டைனோசர் தொலைபேசியை மரியாதையாகப் பார்த்தது. "மெர்சி, பொன் சுவாரே" என்று நன்றி சொல்லி ஒரு சொக்கலேட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தது. அவசரமே இல்லை.

"ஓடிட்டுதுகளே?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா. அலறிக்கொண்டு படியால விழுந்தடிச்சு ஓடுதுகள்."

 மறுமுனையில் அந்தப் பழைய சிரிப்பு, நிலைப்படியில் குந்தியிருந்து சிரித்த அதே சிரிப்பு.

"டேய், உன்ர வீட்டில எங்கையடா படி?"