வெள்ளிக்கிழமை விளையாட்டு

அன்று என் மகளைக் காப்பாற்றினேனா, அவளிடமிருந்து ஒன்றைப் பறித்துவிட்டேனா? இன்னும் தெரியவில்லை.

நான் மலேசியாவில், சிலிபினில் வளர்ந்த இந்து. கணவர் வெளிநாட்டு யூதர். அக்கம்பக்கத்தார் அவரைக் கிறிஸ்தவர் என்று நினைக்கிறார்கள், நாங்களும் திருத்தியதில்லை. இங்கே ‘யூதர்’ என்ற சொல்லை உரக்கச் சொல்லவே எனக்குப் பயம்.

சென்ற ஆண்டு, சிங்கப்பூரில் ஒரு சிறிய யூதக் குழு எங்களைக் காணொளி வழியே சேர்த்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன் சாமி விளக்கை ஏற்றுவேன். பிறகு ஜன்னல்களை மூடிவிட்டு, யூதர்களின் ஓய்வுநாளை வரவேற்கும் இரண்டு மெழுகுவர்த்திகளையும் ஏற்றுவேன். மதம் மாறச் சொல்வார்களோ என்று நடுங்கினேன். யாரும் கேட்கவில்லை. ஐந்து வயது மகள் அவர்கள் வழக்கப்படி கண்களைக் கைகளால் பொத்தி ஹீப்ரு ஜெபத்தைத் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை எல்லோரும் புன்னகையுடன் காத்திருப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பாலர் பள்ளி வாசலில் ஆசிரியை என்னை நிறுத்தினார்.

“அக்கா, பாப்பா கண்ணப் பொத்திக்கிட்டு புரியாத பாஷைல சாமி கும்பிடுது. மத்த பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுக்குது. யாரு கத்துக் குடுத்தா?”

பின்னால் நின்ற பெற்றோர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“அது சும்மா வெளையாட்டுலா, டீச்சர்,” என்று சிரித்தேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அன்று மாலை மெழுகுவர்த்திகள் எரிந்தன. கணினியில் எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் கைகளைத் தூக்கவில்லை.

“நான் வரலம்மா. வெளையாட்டுதானே?”

கணவர் கணினியை மூடினார்.

திங்கட்கிழமை ஆசிரியை மறுபடியும் கேட்டார்: “அந்த வெளையாட்டுக்குப் பேரு என்னக்கா?”

ஒன்று உண்மை, ஆனால் வெளியே சொல்லக்கூடாது என்பதை ஐந்து வயதுப் பிள்ளைக்கு, அது வெட்கப்பட வேண்டியது என்று தோன்றாதபடி எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருக்கிறது.